சிறுதுளைத் துப்பாக்கியும் பெருவிலங்கும்

வேட்டையைப்பற்றி நூலெழுதினோரிடையே நூறாண்டுகளுக்கு மேலாக ஓயாது நடந்துவரும் வழக்கொன்று உண்டு. சிறிய குண்டு விலங்கை வீழ்த்தப் போதுமோ, போதாதோ என்பதே அவ்வழக்கு. விரைந்து செல்லும் சிறுகுண்டே சாலும் என்பர் ஒரு சாரார். மெல்லச் செல்லினும் கனத்த பெருங்குண்டே வேண்டும் என்பர் மற்றொரு சாரார். அமெரிக்க நாட்டில் எல்மர் கீத் (1899–1984) என்பார் பின்னவர்க்குத் தலைவராக நின்றார். ஜாக் ஓகானர் (1902–1978) என்பாரோ இலேசான குண்டும் மிக்க வேகமும் உடைய .270 என்னும் தோட்டாவைப் போற்றி எழுதினார். இருவரும் மறைந்து பல்லாண்டுகள் சென்றும் வழக்குத் தீர்ந்தபாடில்லை.

தீராமைக்குக் காரணம், வினாவே முழுமைபெறாமல் நிற்பதுதான். எவ்விலங்கு, எக்குண்டு, எத்தொலைவு, எவர் கை என்னும் நான்கினையும் கூறாது 'போதுமா?' என்று வினவுதல், உண்பார் எத்தனைபேர் என்று சொல்லாமல் 'இந்தப் படி அரிசி போதுமா?' என்று அடுக்களையில் நின்று கேட்பதனோடு ஒக்கும்.

இவ்வாராய்ச்சி நமக்கெதற்கு என்று படிப்போர் கேட்கலாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையின் பெரும்பகுதியை நிறுத்திவிட்டது. 1991-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம் எஞ்சியிருந்த வாயிலையும் ஏறக்குறைய அடைத்துவிட்டது. ஆதலின் இதனைப் படிப்பவருள் எவரும் துப்பாக்கி தாங்கிக் கானகம் புகப்போவதில்லை. ஆயினும் வினா வீண்வினா அன்று. சுடப்பட்டும் சாகாது, குற்றுயிராய்த் தப்பியோடிய விலங்கின் துன்பம் ஒருபுறமிருக்க, அவ்வெடியின் பயனை அறியாத பிறர் நுகர நேர்ந்த வரலாறும் உண்டு.

1907-ஆம் ஆண்டு குமாவுன் மலைநாட்டிலே, சம்பாவத் என்னும் ஊரினருகே, ஜிம் கார்பெட் (1875–1955) ஒரு பெண்புலியைச் சுட்டு வீழ்த்தினார். அப்புலி அதற்குமுன் நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 மக்களைக் கொன்றிருந்தது. செத்த புலியின் வாயைத் திறந்து நோக்கியபோது, வலப்புறத்து மேற்கோரைப்பல் பாதியாகவும் கீழ்க்கோரைப்பல் எலும்புவரையிலும் உடைந்திருக்கக் கண்டார். பழைய துப்பாக்கிக் காயத்தால் வந்த ஊனம் அது என்றும், அவ்வூனத்தால் இயல்பான இரையைக் கொல்லமாட்டாமையே அதனை மனிதர்மேல் திருப்பியது என்றும் அவர் எழுதிவைத்தார். யாரோ ஒருவர், எந்நாளிலோ, எத்துப்பாக்கியாலோ சுட்டு, வீழ்த்தாமலும் தேடிச் சென்று முடிக்காமலும் விட்ட ஒரே ஒரு வெடி! புல்லறுக்கவும் சுள்ளி பொறுக்கவும் சென்ற எளிய பெண்டிர் பலர் அவ்வெடிக்கு விலைகொடுத்தனர். 'போதுமா?' என்னும் வினாவின் கனம் இதனால் விளங்கும்.

இனித் துப்பாக்கியின் எண்களைப்பற்றிச் சிறிது கூறல் வேண்டும். .22 என்பது குழலின் துளை ஓரங்குலத்தில் ஏறத்தாழ நூற்றில் இருபத்திரண்டு பங்கு அகலமுடையது என்பதை மட்டுமே குறிக்கும். அது துளையின் அளவேயன்றி வலியின் அளவன்று. இதனை அறியாமையால் விளையும் குழப்பமே பாதி வாதத்திற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

.22 லாங் ரைபிள் என்னும் தோட்டா 1887-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றியது. துப்பாக்கியின் ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிக்க, அங்கே ஒளிந்திருக்கும் மருந்து பற்றிக்கொள்ளும். அதன் குண்டு பெரும்பாலும் 40 கிரெயின் நிறையுள்ளது. ஓர் இராத்தலுக்கு 7,000 கிரெயின். எனவே நம் வீடுகளில் வழங்கும் அளவால் கூறின், எட்டுக் கிராம் கொண்ட ஒரு சவரனில் மூன்றிலொரு பங்கு. அக்குண்டு நொடிக்கு 1,080 முதல் 1,255 அடி வரை செல்லும். ஓர் இராத்தல் எடையை ஓரடி உயரம் தூக்கவேண்டிய ஆற்றலை ஓர் அடி இராத்தல் என்று கொண்டால், இக்குண்டு குழல்வாயில் பெற்றிருக்கும் ஆற்றல் 100 முதல் 140 அடி இராத்தலே.

.223 ரெமிங்டன் என்பது மற்றொரு தோட்டா. 1950-இல் வெளிவந்த .222 ரெமிங்டனின் வழித்தோன்றல் இது; அமெரிக்கப் படையினரின் 5.56 மில்லிமீட்டர்த் தோட்டாவும் இதுவும் இரட்டைப்பிள்ளைகள் போல்வன. இதன் குண்டும் முன்னதன் குண்டும் அகலத்தால் ஏறக்குறைய ஒன்றே. ஒரு மயிரிழை வேறுபாடே உண்டு. நிறையோ 55 கிரெயின், அஃதாவது அரைச் சவரனுக்கும் குறைவு. ஆயின் இது நொடிக்கு 3,240 அடி பறக்கும். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்மடங்காகும், மும்மடங்கானால் ஒன்பதுமடங்காகும் என்பது இயற்பியல் விதியாகலின், இதன் ஆற்றல் 1,282 அடி இராத்தலாக உயர்கின்றது. ஒரே துளை; வலியோ ஒன்பது பத்து மடங்கு. ஆகவே 'இருபத்திரண்டு போதுமா?' என்று கேட்போரை முதலில் 'எந்த இருபத்திரண்டு?' என்று கேட்டல் வேண்டும். ஒப்புநோக்கிற்காக, 1906 முதல் வழங்கும் .30-06 என்னும் தோட்டாவின் 180 கிரெயின் குண்டு, ஒன்றரைச் சவரன் நிறையோடு 2,700 அடி வேகத்திற் புறப்பட்டு, 2,900 அடி இராத்தலைச் சுமந்து செல்லும் என்பதனையும் நினைவிற் கொள்க.

எனின், ஆற்றல் மிக்கதே கொல்லும், குறைந்தது கொல்லாது என்று முடித்துவிடலாமோ? அதுவும் இயலாது. வில்வேட்டையாடுவோர் இக்காலத்து இயந்திரவில்லிலிருந்து விடும் அம்பின் ஆற்றல் 60 முதல் 80 அடி இராத்தலே, மேற்கூறிய எளிய.22 லாங் ரைபிளினும் குறைவு. அவ்வம்பு மூஸ் என்னும் பெருங்கடமானையும் வீழ்த்துகின்றது. அதன் அகன்ற கூர்வாய் குருதிக்குழாய்களையும் நுரையீரலையும் கத்திபோல் அறுத்துச் செல்லுதலே காரணம். ஓரம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி உடும்பின் உடலில் தைத்ததாக வல்வில் ஓரியைப்பற்றிப் புறநானூறு கூறுவதைப் படித்து நகைக்கும் மாணவர் உண்டு. புலவர் கூற்றை அப்படியே கொள்ளுமாறு நான் சொல்லவில்லை. ஆயினும் பாய்ந்து ஊடுருவும் வன்மையே எய்கருவியின் முதற்குணம் என்பதை அப்புலவர் உணர்ந்திருந்தார் என்பதில் ஐயமில்லை.

விலங்கு எதனால் இறக்கின்றது? மூளையோ முதுகுநரம்போ சிதைந்தால் அக்கணமே வீழும். இருதயமோ நுரையீரலோ கிழிந்தால் குருதி வடிந்து, மூளைக்கு உயிர்வளி எட்டாமையால், சில நொடிகள் ஓடிப்பின் வீழும். வேறு வழி இல்லை. குண்டின் 'அதிர்ச்சி' ஒன்றே விலங்கைக் கொன்றுவிடும் என்று விற்பனைத் தாள்களில் எழுதப்படுவதை நம்பிக் காலிலும் வயிற்றிலும் சுட்டோர் ஏமாந்தனர். அமெரிக்கப் படையின் அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர் என்பார் 1980-களில், தசையையொத்த ஜெலட்டின் கட்டிகளிற் பல்வகைக் குண்டுகளைச் செலுத்தி இதனை விரிவாக ஆராய்ந்தார். குண்டு செல்லும்போது இருவகைக் குழிகள் உண்டாகின்றன. ஒன்று, குண்டு நசுக்கிச் செல்லும் வழி. அது நிலைத்து நிற்பது. மற்றொன்று, சுற்றியுள்ள தசை ஒருகணம் விரிந்து மீளும் வெற்றிடம். நெகிழுந்தன்மையுள்ள நுரையீரல் இவ்விரிவைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். கல்லீரல் போன்ற இறுகிய உறுப்போ கிழிந்துபோகும். ஆகவே எண்ணத்தக்கது நிலைத்த குழியின் அகலமும் ஆழமுமே. அவ்விரண்டையும் தீர்மானிப்பது குண்டின் அமைப்பு.

ஈண்டுச் சிறிது நிற்றல் வேண்டும். இவ்வழக்கின் உயிர்நிலை இதுவேயாகலின். வேட்டைக்குண்டுகளை மூவகையாகக் கொள்ளலாம். முழுவதும் செம்புக்கலவை உறையால் மூடப்பட்ட திண்குண்டு முதல்வகை. அது சிதையாது, நேராகத் துளைத்துச் செல்லும், விடுந்துளை சிறிது. இரண்டாம்வகை, நுனியில் ஈயம் வெளித்தோன்ற உறையிடப்பட்டது. தசையில் பட்டவுடன் காளான்போல் மலர்ந்து, அகன்ற வழிசெய்துகொண்டு உட்செல்லும். மூன்றாவது, மிகமெல்லிய உறையுடையது, பட்டவிடத்திலேயே பொடிந்துபோகும். பயிரழிக்கும் சிறுபிராணிகளைச் சுடுவதற்கென்றே இது செய்யப்பட்டது. .223 தோட்டாவுக்கு விற்கப்படும் குண்டுகளிற் பல இம்மூன்றாம் வகையின. இக்குண்டால் ஒரு மானின் தோளெலும்பிற் சுட்டால், மேலே கையகலப் புண்ணும் உள்ளே ஊறில்லாத இருதயமும் உடையதாய் அம்மான் ஓடிவிடும். இனிப் படையினரின் திண்குண்டைப் பயன்படுத்தினாலோ, அது நாலைந்து அங்குல ஆழம் சென்றபின்னரே புரளத் தொடங்கும் இயல்பினது. மெல்லிய மானின் மார்பைப் புரளுமுன்னரே பெரும்பாலும் கடந்து, ஊசித்துளை போன்ற வழியை விட்டு மறுபுறம் போய்விடக்கூடும். இரண்டிடத்தும் பழி 'இருபத்திரண்டின்'மேல் விழும். குற்றம் துளையினது அன்று. பொருந்தாத குண்டைத் தேர்ந்தவனுடையது. உறையும் ஈயமும் பிரியாவண்ணம் பிணைக்கப்பட்டனவும், முழுவதும் செம்பாலானவும் ஆகிய குண்டுகள் .223-க்கும் இப்போது கிடைக்கின்றன. அவை சிறுமானை நன்கு ஊடுருவும்.

மலரும் குண்டைப்பற்றி ஒரு விந்தை. கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் ஊரிலிருந்த படைக்கலச் சாலையில் 1890-களில் நுனிதிறந்த .303 குண்டுகள் செய்யப்பட்டன. அவை மனிதவுடலில் இழைத்த கொடுமை கண்டு உலகம் முகஞ்சுளித்தது; 1899-ஆம் ஆண்டு ஹேக் நகரத்து மாநாட்டில் மலரும் குண்டுகளைப் போரிற் பயன்படுத்தலாகாதென்னும் உடன்படிக்கை எழுந்தது. ஆனால் மானைச் சுடுவோர் மலரும் குண்டையே பயன்படுத்தவேண்டுமென்று இங்கிலாந்துச் சட்டம் கட்டளையிடுகின்றது. மனிதனுக்குக் கொடுமையென விலக்கப்பட்டது விலங்கிற்குக் கருணையென விதிக்கப்பட்டது! போரிற் பகைவனைச் செயலற்றவனாக்கினால் போதும். அவனுக்கு மருத்துவன் உண்டு. மானுக்கு மருத்துவன் இல்லை. அது விரைந்து இறத்தலே நலம். முரண்போலத் தோன்றுவதன் நியாயம் இது.

சிறுதுளையின் பக்கம் நின்று வாதிப்போர் முதற்கண் அழைக்கும் சாட்சி, கரமோஜோ பெல் எனப்பெயர்பெற்ற டபிள்யூ. டி. எம். பெல் (1880–1954) ஆவார். ஸ்காட்லாந்தினராகிய இவர் கிழக்காப்பிரிக்காவில், இன்றைய உகாண்டாவின் கரமோஜா முதலிய இடங்களில், தந்தத்திற்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றுட் பெரும்பகுதியைக் கொன்றது 7 மில்லிமீட்டர்த் துளையுடைய எளிய ரிக்பி துப்பாக்கி. 173 கிரெயின் திண்குண்டு; வேகம் 2,300 அடியளவு; ஆற்றல் சற்றேறக்குறைய 2,000 அடி இராத்தல். அக்காலத்து யானைவேட்டைக்காரர் சுமந்து திரிந்த .577 என்னும் பெருந்துப்பாக்கியோ, ஆறு சவரன் நிறையுள்ள 750 கிரெயின் குண்டை 7,000 அடி இராத்தல் ஆற்றலோடு எறிவது. அதில் மூன்றிலொரு பங்கும் இல்லாத கருவியால் பெல் எவ்வாறு வென்றார்?

அவர் யானையின் மண்டையோட்டை வாளால் அறுத்துப் பிளந்து பார்த்தவர். யானையின் தலை பெரிதாயினும், அதன் மிகுதி தேன்கூடு போன்ற பொள்ளலெலும்பே. மூளை பின்புறத்தே தாழ்ந்து ஒடுங்கியிருக்கும். எத்திசையில் நின்று நோக்கினும் அது எவ்விடத்து உள்ளது என்பதை அவர் மனத்தகத்தே வரைந்துவைத்திருந்தார். நீண்டு மெலிந்த திண்குண்டு, அகலத்திற்கேற்ற நிறை மிகுதியாயிருத்தலின், கோணியூசி சாக்கினுட் செல்வதுபோல நேரே சென்று மூளையைத் தொட்டது. மூளையைத் தொட்டபின் குண்டு பெரிதாயினென், சிறிதாயினென்? பெலின் திறமை வியத்தற்குரியது. அவர் தொழிலை வியத்தற்கு என் மனம் ஒருப்படவில்லை. ஆயிரம் யானை என்பது ஒரு நாட்டுக் காட்டின் செல்வம்.

பெலின் நூலைப் படித்து, அவர் துப்பாக்கியை வாங்கியோர் பலர். அவர் கண்ணையும் கையையும் வாங்கக் கடையில்லை. அதனாற்போலும், ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் யானை, காட்டெருமை போன்ற அஞ்சத்தக்க விலங்குகளுக்கு .375 என்னும் துளையே குறைந்த அளவாக விதிக்கப்பட்டது. அது ஆயிரம் யானை கொன்ற கைக்கு எழுதிய விதியன்று. முதல் யானையின் முன்னே நின்று நடுங்கும் கைக்கு எழுதிய விதி.

இரண்டாஞ் சாட்சி கார்பெட். சம்பாவத்துப் புலியைக் கொன்றமைக்காக ஐக்கிய மாகாணத்துத் துணை ஆளுநர் ஹியூவட் அவருக்குப் பரிசாக அளித்தது பெலின் துப்பாக்கிக்கு உடன்பிறந்த .275 ரிக்பி. அதனாலேயே அவர் 1926-இல் ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை வீழ்த்தினார். 1930-இல் சௌகட் பெண்புலியைக் கொன்ற நிகழ்ச்சி இன்னும் நுணுக்கமானது. இடக்கையிலே ஒரு பறவையின் இரு முட்டைகள், வலக்கையிலே துப்பாக்கி. பாறையைச் சுற்றித் திரும்பினால் எட்டடியில் புலி! அதன் கண்ணோடு கண் வைத்தபடியே, ஒற்றைக்கையால் துப்பாக்கியை அணுவணுவாகத் திருப்பிச் சுட்டார். குண்டு முதுகெலும்பை ஊடறுத்து இருதயத்தைச் சிதைத்தது. கனத்த பெருந்துப்பாக்கியாயிருந்தால் ஒற்றைக்கையால் அங்ஙனம் திருப்பியிருத்தல் அரிது என்று அவரே கருதினாரோ இல்லையோ, படிப்பவர்க்கு அவ்வெண்ணம் தோன்றாமற் போகாது. இவருக்கு மாறாகப் பெங்களூரில் வாழ்ந்து, நம் சேலம் மாவட்டத்துக் காடுகளிலும் ஆட்கொல்லிகளைத் தேடியலைந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) ஏந்தியது 300 கிரெயின் குண்டை எறியும் .405 வின்செஸ்டர். இருவரும் கொன்றனர், இருவர் கருவியும் வேறு.

இன்னும் சிறிய துளைக்கும் சாட்சி உண்டு. சீன நாட்டின் ஃபூஜியன் மாகாணத்தில் ஊழியஞ்செய்த அமெரிக்க மெதடிஸ்டு மிஷனெரி ஹாரி கால்ட்வெல் என்பார், 1912-இல் வெளிவந்த .22 சாவேஜ் ஹை-பவர் என்னும் துப்பாக்கியால் புலிகளைச் சுட்டவர். தம் அனுபவங்களை 1924-இல் ஒரு நூலாக வெளியிட்டார். 70 கிரெயின் குண்டு, 2,800 அடி வேகம், 1,200 அடி இராத்தலுக்குச் சற்று மேல். புலிகளால் துன்புற்ற சிற்றூர்களுக்கு அவர் உதவினார் என்பது மெய்யே. தோட்டா விற்பவரோ அவர் பெயரைப் புலிக்கு இதுவே போதும் என்பதற்குச் சான்றாக்கினர். துணிந்தவர் ஒருவர் ஆற்றைத் தோணியின்றிக் கடந்தார் என்பதனால் தோணி வேண்டாவென்று சொல்லுதல் தகுமோ?

எல்லாவற்றினும் வியப்பானது கனடாவில் நிகழ்ந்தது. 1953-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள், ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஸ்லேவ் ஏரியின் அருகே, கிரீ பழங்குடியைச் சேர்ந்தவரும் அறுபது வயது கடந்தவருமான பெல்லா ட்வின் என்னும் மூதாட்டி, ஒரு வெடிக்கு ஒரு தோட்டா இடும் மலிவான .22 துப்பாக்கியால், கிரிஸ்லி என்னும் மாபெருங் கரடியைக் கொன்றார். அவர் இட்டது .22 லாங் என்னும் தோட்டா. லாங் ரைபிளினும் மெலிந்தது. அக்கரடி அந்நாளில் அளவால் உலகிற் பெரியதென்று பதிவுபெற்றது. ஆனால் அவர் அதனை நாடிச் செல்லவில்லை. மறைந்து நின்றவரை மிக அணுகி வந்தமையால், கண்ணுக்கும் காதுக்கும் இடையேயுள்ள மெல்லெலும்பில் சுட்டார்; வீழ்ந்தபின்னும் அசையாதென்று உறுதிப்படும்வரை மீண்டும் மீண்டும் தோட்டாவிட்டுச் சுட்டார். வாழ்நாளெல்லாம் பொறிவைத்துப் பிராணிகளைப் பிடித்து, மண்டையோடுகளின் இயல்பறிந்த கை அது. இதனைக் காட்டி '.22 கரடிக்குப் போதும்' என்பார், அம்மூதாட்டியின் நிலையில் தாம் நிற்க ஒருப்படுவாரோ என்று கேட்கத் தோன்றுகின்றது. தவறவிட்டவர்களின் கதை ஏடேறுவதில்லை. அவர்தம் சாட்சியம் இவ்வழக்கில் ஒருபோதும் கேட்கப்படவில்லை.

வள்ளுவர் படைச்செருக்கில், முயலை எய்த அம்பினும் யானையைத் தப்பவிட்ட வேலை ஏந்துதல் இனிது என்றார். போர்வீரனுக்கு அது பொருந்தும். வேட்டைக்காரனோ அக்குறளைத் தலைகீழாகவே பாடங்கேட்க வேண்டியவன். அவனுக்கு முயலிற் பட்ட அம்பே இனிது, யானையைப் புண்படுத்திப் போக்கிய வேல் பெரும்பழி.

எனினும் பெருந்துளைக்காரர் மறைக்கும் உண்மையொன்றும் உண்டு. பெருந்துப்பாக்கி சுடுவோன் தோளை உதைக்கும். உதைக்கு அஞ்சியவன் விசையை இழுக்குமுன் கண்ணை மூடுவான், உடலைக் குலுக்குவான், குண்டு நுரையீரலுக்குச் செல்லாது குடலுக்குச் செல்லும். குடலிற் பட்ட பெருங்குண்டு, நுரையீரலிற் பட்ட சிறுகுண்டுக்கு ஈடாகாது. உதையில்லாச் சிறுதுப்பாக்கியைக் கையாளும் இளைஞரும் மகளிரும் குறிதவறாது சுடுதல் எளிது. .223-ஐ மான்வேட்டைக்கு வேண்டுவோர் கூறும் காரணங்களில் வலியது இது ஒன்றே. இதனை நான் முழுதும் ஒப்புகிறேன். ஆனால் குறி சிறிதே வழுவினாலும் மன்னிக்கும் குணம் பெருங்குண்டுக்கு ஓரளவு உண்டு, சிறுகுண்டு மன்னிப்பதில்லை. காற்றும், ஓட்டமும், வேகமாக அடிக்கும் நெஞ்சும் உள்ள காட்டிலே குறி வழுவாமை என்பது எத்தனைபேர்க்கு இயலும்?

தொலைவும் எண்ணத்தக்கது. .223-இன் 55 கிரெயின் குண்டு குழல்வாயில் 1,282 அடி இராத்தல் உடையதாயினும், 100 கெஜத்தில் 920 அளவாகவும், 200 கெஜத்தில் 650 அளவாகவும், 300 கெஜத்தில் 440 அளவாகவும் தேய்ந்துவிடும். வேகம் குறைந்தால் மலரும் குண்டும் மலராது. இன்னுங் கனத்த குண்டை இடலாமே எனின், அதற்குக் குழலின் உட்புறத்துச் சுருள்வரிகள் இடங்கொடுத்தல் வேண்டும். பன்னிரண்டு அங்குலத்திற்கு ஒருமுறை சுற்றும் பழைய வரியுடைய குழல் 55 கிரெயின் குண்டையே நேர்நிறுத்தும். 70 கிரெயினுக்கு மேற்பட்ட நீண்ட குண்டுக்கு எட்டு அல்லது ஏழங்குலத்திற்கு ஒருமுறை சுற்றும் வரி வேண்டும். தவறினால் குண்டு தலைகீழாய்ச் சுழன்று செல்லும்.

இவ்வழக்கில் நூலாசிரியர்களைவிடச் சட்டம் செய்தோரே நிதானமாகத் தீர்ப்பளித்திருக்கின்றனர் என்பேன். ஜெர்மானியச் சட்டம் விலங்கைப் பகுத்தது. சின்னஞ்சிறு ரோ மானுக்கு, 100 மீட்டர்த் தொலைவில் குண்டு 1,000 ஜூல் ஆற்றலோடு சேர்தல் வேண்டும். அஃது ஏறத்தாழ 740 அடி இராத்தல். காட்டுப்பன்றி, செம்மான் முதலிய ஏனைய குளம்புவிலங்குகளுக்கோ துளை 6.5 மில்லிமீட்டருக்குக் குறையாது, ஆற்றல் அதே தொலைவில் 2,000 ஜூலுக்குக் குறையாது இருத்தல் வேண்டும். ஆகவே .223 அந்நாட்டில் ரோ மானுக்குத் தகும், பன்றிக்குத் தகாது. அங்கே ஆற்றலைக் குழல்வாயில் அளவாமல் விலங்கு நிற்குமிடத்தில் அளந்தமை கூர்மதி. ஸ்காட்லாந்தின் 1985-ஆம் ஆண்டு ஆணை, ரோ மானுக்கு 50 கிரெயின் குண்டும் 2,450 அடி வேகமும் 1,000 அடி இராத்தலும், மற்றை மான்களுக்கு 100 கிரெயினும் அதே வேகமும் 1,750 அடி இராத்தலும் விதித்தது. ரோ மான் 25 கிலோகிராமுக்கு மேற்படுவது அரிது. செம்மான் கலையோ 190 கிலோகிராம் வரையும் வளரும் என்பதை நோக்கின் இப்பகுப்பின் காரணம் புலனாம். இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் .240 துளைக்கும் 1,700 அடி இராத்தலுக்கும் குறைந்ததை விலக்கியது. பின்னர் 2007-ஆம் ஆண்டு, நம் மலைக்காட்டுக் கேளையாட்டிற்கு இனமாகிய முண்ட்ஜாக் மானுக்கும் சீன நீர்மானுக்கும் மட்டும்.22 அளவுள்ள விசைமிக்க தோட்டாவை அனுமதித்தது. விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் எளிய .22, இந்நாடுகளில் எவ்வகை மானுக்கும் ஒப்பப்படவில்லை. அதன் இடம் முயலும் அணிலும். அதுவும் ஐம்பது அறுபது கெஜத்துக்குள்.

நம் நாட்டிலும் இவ்வினா அண்மையில் வேறு வடிவில் வந்து நிற்கின்றது. பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட ஆணையிடும் உரிமையைக் கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. தமிழ்நாட்டரசு 2025-இல், காப்புக்காட்டின் எல்லைக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாமென வகுத்தது. முதிர்ந்த ஆண்பன்றியின் தோள்மேல் கேடயம்போல் தடித்த தோலும் குருத்தும் படிந்திருக்கும். அதனைத் துளைத்து அப்பால் உள்ள நுரையீரலை எட்டாத வெடி, புண்பட்ட பன்றியைக் கரும்புத்தோட்டத்துக்குள் அனுப்பும். மறுநாட் காலையில் மடைதிறக்க வரும் உழவன் அங்கே அதனைச் சந்திப்பான். இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கென .22 துப்பாக்கியும் .315 துப்பாக்கியும் செய்துவந்துள்ளன. இவ்விரண்டில் முன்னதைப் பன்றிக்கு ஏந்துவோர் இருப்பின் அவரைத் தடுத்தல் அயலார் கடன்.

குண்டின் உலோகத்தைப்பற்றி ஒன்று எஞ்சி நிற்கின்றது. சிதறிய ஈயத்துகள்கள் இறைச்சியிலும், காட்டில் விடப்பட்ட குடலைத் தின்னும் கழுகுகளின் வயிற்றிலும் சேர்ந்து நஞ்சாகின்றன என்பது தெளிவானபின், வேட்டைக்காரர் பலர் முழுச்செம்புக் குண்டுக்கு மாறினர். செம்பு ஈயத்தினும் இலேசானது. அதே நீளமுள்ள குண்டு அதே துளையில் நிறை குறைந்துவிடும். ஆனால் செம்புக்குண்டு சிதையாது, நிறை சிறிதும் இழவாது உட்செல்லும். பழைய நிறைவிதி இப்புதுக்குண்டுக்குப் பொருந்தவில்லை. ஆகவே 2023-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து அரசு, பெருமான்களுக்கு விதித்திருந்த 100 கிரெயினை 80 கிரெயினாகக் குறைத்தது. 2,450 அடி வேகத்தையும் 1,750 அடி இராத்தலையும் இருந்தவாறே விட்டுவைத்தது.